அமெரிக்கனின் வலது கால் பூட்ஸ்

விசாவில் நான் கொத்தனார். இதுவரை ஒரு செங்கல்லைக்கூட எடுத்து வைத்ததில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டேன், மீன்பிடி வள்ளத்தில் ஏறினேன், அதையும் விட்டேன். குவைத்தின் ஃபஹாஹீலில் ஒரு சலவைக்கடை, மஸ்கட்டின் ரூவியில் ஒரு மலிவான ஓட்டலில் அறை துடைக்கும் வேலை, நடுவில் சொல்லிக்கொள்ளும்படி இல்லாத சில வேலைகள். ஓரிடத்தில் இரண்டு வருடம் இருந்தால் எனக்குக் கால் அரிக்க ஆரம்பித்துவிடும். இப்படி அலைந்துதான் இரண்டாயிரங்களின் நடுவில் ஷார்ஜா வந்து, ரோலாவில் எங்கள் கடற்கரைக்காரர்கள் ஆறு பேர் இருந்த அறையில் ஏழாவது கட்டிலைப் பிடித்தேன். சலவை தெரியும் என்றதால் பக்கத்து எமிரேட்டில் ஒரு கால்பந்து கிளப்பில் வேலை கிடைத்தது. இரண்டாம் டிவிஷன் கிளப். ஆட்டக்காரர்களின் துணி துவைப்பது, பூட்ஸ் துடைப்பது, பந்துகளுக்குக் காற்றடிப்பது, ஆட்டத்தன்று ஜெர்சிகளை வரிசையாக மாட்டி வைப்பது என் வேலை.

அந்த வருடம் அந்தக் கிளப்புக்கு ஓர் அமெரிக்கன் வந்தான். ஃபார்வேர்டு. ஒன்பதாம் எண். உள்ளூர் பையன்கள் அவனை அம்ரீக்கி என்றார்கள்.

அமெரிக்கர்களை நான் குவைத்தில் பார்த்திருக்கிறேன். எண்ணெய்க் கம்பெனி வண்டிகளில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போவார்கள். அவர்களின் சட்டையைத் தேய்த்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் வேலை தேடி வந்த அமெரிக்கன் என்று ஒருவனை நான் அதுவரை பார்த்ததில்லை. முதல் நாள் அலுவலகத்தில் அவன் பாஸ்போர்ட்டை வாங்கி, எங்கள் பாஸ்போர்ட்டுகள் கிடந்த அதே இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்கள். அவன் அந்த இழுப்பறையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். எனக்கு அப்போதே அவனிடம் பேசவேண்டும் என்று தோன்றிவிட்டது.

அறையில் சொன்னபோது என் பக்கத்துக் கட்டில் அண்ணன் நம்பவில்லை. ஏசி மெக்கானிக். ஊரில் எங்கள் அணிக்குப் பின்களத்தில் ஆடியவர், அதனால் பந்து விஷயத்தில் அவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

"அமெரிக்காக்காரனா? அவனுக்கு அங்கன வேலை ஒண்ணும் கிட்டலியா? இங்கன வந்து ஒனக்க கிளப்புல பந்து தட்டுதான்?"

"நானும் அதத்தான் கேக்கணும்னு இருக்கேன்."

"கேட்டுட்டு எனக்கும் செல்லு. அவனுக்கு அங்கன எடம் இருந்தா நாம போவோம். அவன் எனக்க கட்டிலுக்கு வரட்டு."

பேச்சு தொடங்க இரண்டு வாரம் ஆனது. பயிற்சி முடிந்து எல்லோரும் பூட்ஸைக் கழற்றி என் பக்கம் எறிந்துவிட்டுப் போவார்கள். அவன் மட்டும் தன் பூட்ஸைத் தானே குழாயடியில் கழுவி, துணியில் சுற்றி, பைக்குள் வைத்து எடுத்துப் போவான். அமெரிக்க நாகரிகம் போலிருக்கிறது என்று நினைத்தேன். என் வேலையைக் குறைத்தவன் என்ற நன்றியில் ஒருநாள் அவனுக்குப் பால் இல்லாத டீ, ஒரு சுலைமானி, போட்டுக் கொடுத்தேன். அவன் சாமான்கள் போட்டு வைக்கும் என் கிட்டங்கியில் பந்துப் பைமேல் உட்கார்ந்து குடித்தான். அதன்பிறகு அது வழக்கமாகிவிட்டது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலும், அவன் இங்கே பொறுக்கிய நாலைந்து இந்திச் சொற்களிலும் பேசிக்கொள்வோம். அவன் சொன்னதை எனக்குப் புரிந்தபடி இங்கே எழுதுகிறேன். என்னை அவன் இந்திக்காரர்களைப் போலப் பாய் என்றுதான் கூப்பிடுவான்.

அவன் ஊரைச் சுற்றி மக்காச்சோள வயல். அங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும் பந்து உதைப்பார்களாம், வளர்ந்ததும் விட்டுவிடுவார்களாம். அவன் விடவில்லை. பெரிய கிளப் எதுவும் அவனை எடுக்கவில்லை. முதலில் ஒரு கூடத்துக்குள், பலகைச் சுவர் கட்டி, தரையில் பச்சைக் கம்பளம் விரித்து ஆடும் ஆட்டத்தில் சேர்ந்தான்.

"கம்பளத்திலா?" என்றேன்.

"கம்பளத்தில். சுவரில் மோதித் திரும்பி வரும் பந்தையும் அடிக்கலாம். விழுந்தால் முட்டி எரியும்."

அப்புறம் வடக்கே ஏதோ ஒரு பனி நாடு. ஆட்டத்துக்கு முன்னால் ஆட்டக்காரர்களே மண்வெட்டி எடுத்துப் பனியை அள்ளுவார்களாம். அப்புறம் மத்திய அமெரிக்காவில் மைதானத்துக்குள் மாடு வரும் ஓர் ஊர். அப்புறம் கிழக்கே ஒரு தீவு. சில இடங்களில் ஒரு வருடம், சில இடங்களில் ஆறு மாதம், ஓரிடத்தில் பதினெட்டு நாள். விரல் விட்டு எண்ணினான். எங்கள் கிளப் பதினொன்றாவது. நானும் என் வேலைகளை எண்ணினேன். ஒன்பது வந்தது.

"இரண்டு வித்தியாசத்தில் நான் ஜெயித்தேன்," என்றான்.

என் விசாவில் கொத்தனார் என்று இருப்பதைச் சொன்னதும் தொடையில் தட்டிச் சிரித்தான். முன்பு ஒரு நாட்டில் அவனுக்கு உடற்பயிற்சி ஆசிரியர் என்று அட்டை கொடுத்தார்களாம். ஒருநாள் நிஜமாகவே ஒரு பள்ளியிலிருந்து ஆள் வந்து, பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம்.

ஊரை விட்டு ஏன் வந்தாய் என்று மட்டும் என்னால் கேட்க முடியவில்லை. அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்களுக்கு நான் ஒருமுறைகூட உண்மையான பதில் சொன்னதில்லை. அதனால் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

அவன் கோல் அடிக்கவில்லை. அதுதான் பிரச்சினை. ஒரு கிளப் இத்தனை வெளிநாட்டு ஆட்டக்காரர்களைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று கணக்கு இருந்தது. குளிர்காலத்தில் சில வாரம் மட்டும் ஆள் மாற்றலாம். அந்த வாரங்கள் நெருங்கினால் வெளிநாட்டு ஆட்டக்காரர்களின் முகம் வேறு மாதிரி ஆகிவிடும் என்று கிளப்பின் பஸ் டிரைவர் எனக்கு முன்பே சொல்லியிருந்தார். நம் ஆட்கள் விசா புதுப்பிக்கும் மாதத்தில் இருப்பது போலத்தான் இருந்தது. அவன் ஓடுவான், இடம் கண்டுபிடிப்பான், மற்றவர்களுக்குப் பந்து எடுத்துக் கொடுப்பான். ஆனால் பந்து வலைக்குள் போவதைத்தான் மேலே உட்கார்ந்திருப்பவர்கள் பார்ப்பார்கள்.

மாற்றும் வாரங்களுக்கு முந்தைய கடைசி உள்ளூர் ஆட்டம் வந்தது. இரண்டு நாள் முன்பு முதீர் என் கிட்டங்கிக்கு வந்தார். முதீர் என்றால் மேலாளர். நல்ல மனிதர்தான், சத்தம் போட மாட்டார். ஜெர்சி அடுக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எனக்குப் புரியும் பாஷையில் சொன்னார்.

"இந்த மேட்ச் அம்ரீக்கி கோல் மாஃபி, அம்ரீக்கி கலாஸ்."

கோல் இல்லையென்றால் அவன் கதை முடிந்தது என்று அர்த்தம். அதை நான் அவனிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவனுக்குத் தெரிந்திருக்கும்.

மறுநாள் பயிற்சி முடிந்த கையோடு அவனை அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். அவசரத்தில் பூட்ஸைப் பெஞ்சடியில் விட்டுவிட்டுப் போனான். நான்கு மாதத்தில் முதல்முறையாக அது என் கைக்கு வந்தது. சேற்றைத் தட்டுவதற்காகத் திருப்பினேன்.

பூட்ஸின் அடியில் புல்லைப் பிடிக்க ஆறு அலுமினியக் குமிழ்கள் இருக்கும். ஸ்டட் என்போம். திருகிக் கழற்றலாம், மாட்டலாம். இடது பூட்ஸில் ஆறும் ஒழுங்காக இருந்தன. வலது பூட்ஸில் ஆறும் பாதிக்குப் பாதி தேய்ந்து, சப்பையாகக் கிடந்தன.

எத்தனையோ பூட்ஸ் பார்த்தவன் நான். ஒரு கால் மட்டும் இப்படித் தேய்ந்தால் அந்தக் காலை இழுத்து நடக்கிறான் என்று அர்த்தம். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதெல்லாம் அவன் இடது காலையே முதலில் ஊன்றுவதும் அப்போது ஞாபகம் வந்தது. வலது முட்டியில் ஏதோ இருக்கிறது. அதை மறைக்கத்தான் பூட்ஸை யாரிடமும் கொடுக்கவில்லை. ஆட்டத்துக்கு முன்னால் நடுவர் எல்லோருடைய பூட்ஸ் அடியையும் தடவிப் பார்ப்பார். பக்கத்தில் முதீர் நிற்பார். அவர் கண்ணில் பட்டால் கோலுக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம்.

எங்கள் வள்ளங்களில் ஒரு பழக்கம் உண்டு. பக்கத்து வள்ளத்துக்காரனின் கயிறு ஓரிடத்தில் நைந்திருப்பதைப் பார்த்தால், அவன் கரையில் இல்லாத நேரத்தில் நல்ல கயிறாக முறுக்கிச் சேர்த்து வைத்துவிடுவோம். அவனிடம் சொல்லமாட்டோம். சொன்னால் உன் கயிறு நைந்ததுகூட உனக்குத் தெரியவில்லை என்று குத்திக்காட்டியது போல ஆகும். நானும் அப்படித்தான் செய்தேன். அலமாரியிலிருந்து புதிய ஸ்டட் ஆறு எடுத்தேன். பழையதைக் கழற்றி, மரைக்கு வாஸ்லின் தடவி, புதியதைத் திருகினேன். பூட்ஸைத் துடைத்து, அவன் செய்வது போலவே துணியில் சுற்றி அவன் பெட்டியில் வைத்தேன். பழைய ஆறையும் தேயிலை டப்பாவில் போட்டேன். எறியாமல் வைத்தது என் வீண் சேமிப்புப் புத்தி. அதுதான் பிறகு உதவியது.

ஆட்டம் சாயங்காலம். வழக்கம்போல் பகல் முடிவதற்குள் மைதானத்துக்கு நிறையத் தண்ணீர் அடித்திருந்தார்கள். அவன் பூட்ஸை நின்றபடியே மாட்டிக்கொண்டு பேச்சுச் சுவாரசியத்தில் வெளியே போனான். நடுவர் தடவிப் பார்த்தார், தலையாட்டினார். நான் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டேன்.

தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும். பந்து அவனுக்கு வந்தது. முன்னால் ஒரே ஒரு தடுப்பு ஆட்டக்காரன். அம்ரீக்கி இடதுகால் ஆட்டக்காரன். வலது காலை ஊன்றி, அதன்மேல் உடம்பைத் திருப்பி இடதுகாலால் அடிப்பான். அன்றைக்கும் வலது காலை ஊன்றினான். உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. புல்லில் ஆணி அடித்தது போல நின்றுவிட்டது. பந்து உருண்டு வெளியே போனது. அவன் குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டான்.

எழுந்து ஆடினான். ஆனால் அதற்குப் பிறகு முதல் பாதி முழுக்க ஒருமுறைகூட அவன் வலது காலில் திரும்பவில்லை. எதிரணி ஒரு கோல் அடித்தது. மேலே முதீர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது.

இடைவேளையில் உடைமாற்றும் அறைக்கு வந்ததும் அவன் முதலில் வலது பூட்ஸைக் கழற்றி அடியைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

"யார்?"

"நான்தான்."

"பழையது எங்கே?"

திட்டுவான் என்று நினைத்தேன். அந்த அறையில் திட்டு வாங்காத நாள் எனக்கு இல்லை. அவன் கேட்டது அது ஒன்றுதான். கிட்டங்கிக்கு ஓடிப்போய்த் தேயிலை டப்பாவை எடுத்து வந்தேன். பயிற்சியாளர் நடுவில் நின்று அரபியில் கத்திக்கொண்டிருந்தார். முதீர் வாசலில் நின்றார். நான் வாசலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து ஸ்பேனரால் கழற்ற ஆரம்பித்தேன். நேற்று நானே தடவிய வாஸ்லினில் கையெல்லாம் வழுக்கியது. அவன் மெதுவாகச் சொன்னான்:

"அவை தேயவில்லை, பாய். நானே அரத்தால் ராவியது."

ஐந்தாவதைத் திருகிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது.

"நிறுத்தாதே," என்றான். "குட்டையாக இருந்தால் கால் கொஞ்சம் வழுக்கும். வழுக்கினால் முட்டி பிழைக்கும். பிடித்தால் முட்டி போய்விடும். அவ்வளவுதான்."

ஆறாவதையும் மாட்டிக் கொடுத்தேன்.

இரண்டாம் பாதியில் அவனைப் பார்க்க வேறு ஆள் மாதிரி இருந்தது. இப்போது எனக்குத் தெரிந்ததால் அந்த வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊன்றும் கால் ஒரு கை அளவு சறுக்கும், சறுக்கிக்கொண்டே திரும்பும். தடுக்க வந்தவன் அந்தச் சறுக்கலில் ஏமாந்து ஒரு பக்கமாகப் போய்விடுவான். முட்டிக்காகச் செய்துகொண்டது அவனுக்கு ஒரு தந்திரமாகவே ஆகியிருந்தது. ஒருமுறை அவன் அடித்தது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அப்புறம் அதே போலச் சறுக்கித் திரும்பி, பக்கத்தில் வந்த உள்ளூர்ப் பையனுக்குத் தள்ளினான். அந்தப் பையன் கோல் அடித்தான். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று முடிந்தது. அம்ரீக்கி கோல் மாஃபி.

அறையில் நடந்ததைச் சொன்னேன். அண்ணன் சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டார்.

"லேய், நாலு மாசமா அவன் அந்த பூட்ஸ போட்டுதானல ஆடுதான். இத்தன நாளும் ரெஃப்ரி தடவிப் பாக்கலியா?"

"பாத்தாரு."

"ஒண்ணும் செல்லலியே? பின்ன ஒனக்கு என்னத்துக்கு அந்த வேல? கேட்டா வாய் தேஞ்சா போவும்?"

நான் எழுந்து என் தட்டைக் கழுவப் போனேன்.

மூன்றாம் நாள் ஜெர்சிகளுக்கு எண் ஒட்டும் கடைக்குப் போனேன். ரோலாவில் எங்கள் அறைக்கு இரண்டு தெரு தள்ளி. கடைக்காரர் ராமநாதபுரத்துக்காரர். கிழிந்த இரண்டு ஜெர்சிகளை நான் நீட்டியதும், அவர் ஒரு பையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"வாங்கண்ணே. அப்படியே ஒங்க ஒம்பதாம் நம்பரையும் எடுத்துட்டுப் போயிருங்க. போன வாரமே ரெடி. யாருமே வரலை."

வெளியே எடுத்தேன். ஒன்பதாம் எண்ணுக்கு மேல் வேறு ஒரு பெயர்.

"போன வாரமா?"

"ஆமாண்ணே. ஒங்க முதீரு ஃபோன் போட்டாரு. ஏன், தப்பா அடிச்சிட்டேனா?"

"இல்ல, சரியாத்தான் இருக்கு."

போன வாரம் என்றால் ஆட்டத்துக்கு முன்னால். என் கிட்டங்கியில் நின்று முதீர் அந்த வார்த்தையைச் சொல்வதற்கும் முன்னால். அவன் நாலு கோல் அடித்திருந்தாலும் இந்த ஜெர்சி இந்தப் பைக்குள் இருந்திருக்கும். பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு போகும்போது, அப்படியானால் என் தப்பால் அவனுக்கு ஒன்றும் போகவில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பாதி வழி வரை அது நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் அவன் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தது ஞாபகம் வந்தது.

அன்று சாயங்காலம் அவன் தன் பெட்டியைக் காலி செய்ய வந்தான். முடிந்துவிட்டது என்று காலையில் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்களாம். பாஸ்போர்ட் கையில் இருந்தது. நான் ஜெர்சியைக் காட்டி, போன வாரமே தயார் என்ற விஷயத்தைச் சொன்னேன். அவன் அந்தப் பெயரை ஒருமுறை படித்தான்.

"தெரியும். எந்தக் கிளப்பிலும் இது முன்கூட்டியே தெரிந்துவிடும்," என்றான். "அந்த ஆட்டத்தை நான் இவர்களுக்காக ஆடவில்லை."

மஸ்கட்டில் ஒரு கிளப் ஆள் தேடிக்கொண்டிருந்தது. அவர்களில் ஒருவர் அன்று அவனைப் பார்ப்பதற்காகவே காரில் வருவதாகச் சொல்லியிருந்தார். ஆக அந்த ஆட்டம் நிஜமாகவே முக்கியமான ஆட்டம். நான் நினைத்த காரணத்துக்காக இல்லை, அவ்வளவுதான்.

"முதல் பாதியைப் பார்த்தாரா?"

அவன் சிரித்தான். "எல்லைச் சாவடியில் வண்டி வரிசை. இடைவேளை முடிந்துதான் வந்து உட்கார்ந்தாராம். ஒரு வாரம் வந்து எங்களோடு பயிற்சி செய்து காட்டு என்கிறார். சேர்ப்பார்களா தெரியாது."

நான் பந்துப் பைமேல் உட்கார்ந்துவிட்டேன். வழக்கமாக அவன் உட்காரும் இடம்.

அவன் கிளம்பவில்லை. "அரம் இருக்கிறதா?" என்றான். இருந்தது. புதிய ஸ்டட் இருக்கிறதா என்றான். அன்று நான் மாட்டிக் கழற்றிய அதே ஆறும் இருந்தன. ராவியது ஒரே செட்தான் இருக்கிறது, அதுவும் இன்னும் ஒரு மாதம் தாங்காது, போகும் இடத்தில் தனக்கு அரம் தேடும் நேரம் இருக்காது என்றான். என்னை ராவச் சொன்னான். அவன் பக்கத்தில் நின்று காட்டினான். சமமாக ராவக்கூடாது. வெளிப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக இறக்க வேண்டும். முன்வரிசையைவிடக் குதிகால் ஒரு நகக்கண் அளவு உயரம். விளிம்பில் பிசிர் இருந்தால் நடுவர் விடமாட்டார், அதனால் கடைசியில் உப்புத்தாள் போட்டு மழுக்க வேண்டும். இதை யாரிடம் கற்றுக்கொண்டாய் என்றேன். யாரிடமும் இல்லை, பனி நாட்டில் முதல்முறை முட்டி போனபோது, மூன்று பூட்ஸைப் பாழாக்கிக் கண்டுபிடித்தேன் என்றான்.

ராவிக்கொண்டிருக்கும்போதுதான் கேட்டேன். கை வேலையில் இருந்ததால் அவன் முகத்தைப் பார்க்கவேண்டியதில்லை.

"உன் ஊரில் வேறு வேலையே இல்லையா?"

"இருக்கிறது. என் அண்ணன் கூரைக்குத் தகடு போடுகிறான். வா வா என்கிறான். இரண்டு முறை போனேன். மூன்று மாதம் நின்றேன். கூரைமேல் உட்கார்ந்தால் எங்கே மைதானம் இருக்கிறது என்றுதான் கண் போகிறது." அப்புறம், "நீ?" என்றான்.

"எங்கள் வள்ளம் போன இடத்துக்கே போய்க்கொண்டிருந்தது," என்றேன். யாருக்கும் நான் சொல்லாத பதில் அது. சொன்னபிறகு அவ்வளவு பெரிய விஷயமாகவும் தெரியவில்லை.

ஆறையும் முடித்து வலது பூட்ஸில் மாட்டினேன். அவன் அதைப் போட்டுக்கொண்டு மைதான ஓரத்துக்குப் போனான். தண்ணீர் அடித்த ஈரப் புல்லில் காலை ஊன்றித் திரும்பினான். இன்னொரு முறை திரும்பினான். திரும்பி வந்து மூன்றாவது ஸ்டட்டைத் தொட்டுக் காட்டினான். அதை இன்னும் கொஞ்சம் ராவினேன். ஷார்ஜாவிலிருந்து மஸ்கட்டுக்கு எங்கே பஸ் ஏற வேண்டும், ரூவியில் இறங்கினால் எந்தத் தெருவில் அறை மலிவு என்று சொன்னேன். நான் துடைத்த ஓட்டலுக்கு மட்டும் போகவேண்டாம் என்றேன். சிரித்துக்கொண்டே போனான்.

புதிய ஒன்பதாம் எண் வந்தான். முதல் நாளே பூட்ஸை என் பக்கம் எறிந்துவிட்டுப் போனான். பின்னாலேயே போய், அடியில் ஏதாவது மாற்ற வேண்டுமா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, வேண்டாம் என்றான்.

மூன்று வாரம் கழித்து என் மொபைலுக்கு ஒரு செய்தி வந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். இங்கே புல் வறண்டது, இன்னும் குட்டையாக இருந்திருக்கலாம், கையெழுத்துப் போட்டுவிட்டேன், பருவம் முடியும்வரை என்று இருந்தது. கடைசியில் பன்னிரண்டு என்று ஓர் எண் மட்டும் தனியாக.

அண்ணனிடம் காட்டினேன். "இது என்னல கடைசில, பன்னெண்டு?" என்றார்.

"அவனுக்க கிளப்பு. எனக்கு ஒம்பது."

அண்ணன் என்னையும் கட்டிலுக்கடியில் இருந்த என் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்கு மனசிலாவுது. எப்ப போற?"

அந்த வருடம் வெயில் தொடங்குவதற்குள் எனக்குப் பத்தாகிவிட்டது.